பதினோரு வீடுகளுக்குக் கூடுதல் தாள்

ஜெர்சி சிட்டி
10 ஜூன் 2000

என் அன்புள்ள தென்றலுக்கு,

அகிலன் எழுதுவது. இங்கே நானும் என் சமையலைத் தாங்கும் வயிறும் நலம். அங்கே நீ, குழந்தை, உன்னோடு இன்னும் பேசாத உன் அப்பா உட்பட எல்லோரும் நலமாக இருக்க வேண்டும். வெண்பா இப்போதும் டெலிபோனைத்தான் 'அப்பா' என்கிறாளா? பதினான்கு மாதமாக நான் டெலிபோனாகவே இருக்கிறேன். கீழே போட்டு உடைத்துவிடாமல் பார்த்துக்கொள்.

வீடு ஏன் இன்னும் கிடைக்கவில்லை என்று நீ கேட்டபோதெல்லாம் போன் கார்டு தீர்ந்துவிட்டது என்று சொன்னேனே, அது பொய். சொல்ல வெட்கமாக இருந்தது. பிப்ரவரியில் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு வீடு பார்த்தேன். மூன்றாவது மாடி, சமையலறை ஜன்னலில் ஆறு தெரியும், நீ அங்கே நின்று தலை உலர்த்துவது வரைக்கும் மனதில் பார்த்துவிட்டேன். போனில் "காலியாத்தான் இருக்கு, வாங்க" என்ற மேனேஜர், நேரில் என் முகத்தைக் கண்டதும் "இப்பத்தான் போயிடுச்சு" என்றான். மறுநாளும் வாசலில் 'வாடகைக்கு' போர்டு தொங்கியது. கேட்டால், எடுக்க மறந்துவிட்டானாம். மூன்று வாரம் கழித்தும் மறந்தபடியே இருந்தான், பாவம். வல்லாரைக் கீரை வாங்கிக் கொடுக்கலாம் என்று பார்த்தேன், இந்த ஊரில் கிடைக்கவில்லை.

என் அறையில் கூட இருக்கும் சேனாபதி பயந்துவிட்டான். "டேய், கம்ப்ளெயின்ட் கிம்ப்ளெயின்ட் பண்ணி வைக்காத. கிரீன் கார்டு போயிடும். பேசாம நம்மாளுங்க இருக்கிற அபார்ட்மென்ட்டா பாரு."

"நம்மாளுங்கன்னா யாருடா?" என்றேன். அவன் டிவி சத்தத்தைக் கூட்டிவிட்டான்.

இன, நிற வேற்றுமை பார்த்தால் புகார் வாங்குவதற்கென்றே இங்கே மத்திய அரசு ஓர் அலுவலகம் வைத்திருக்கிறது. நம்ம ஊர்ப் பழக்கத்தில் 'பொருள்', 'பார்வை' எல்லாம் போட்டு மனு எழுதி, பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்றிதழ், கெஜட்டட் ஆபீசர் கையெழுத்துப் போட்ட நகல் மூன்று செட் என்று ஒரு மூட்டையே கட்டிக்கொண்டு போய்க் கையைக் கட்டி நின்றேன். மிஸஸ் வில்லிஸ் என்று ஒரு அதிகாரி, ஐம்பது வயதிருக்கும், கறுப்பினப் பெண்மணி. முதலில் உட்காரச் சொன்னார். அதற்கே எனக்குப் பாதி வழக்கு ஜெயித்த மாதிரி இருந்தது. சாதிச் சான்றிதழைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது எதுக்கு?"

"நான் யாருன்னு நிரூபிக்க, மேடம். தாசில்தார் கொடுத்தது."

"உங்க நிறம் எனக்கே தெரியுதே. இதை உள்ள வைங்க."

பிறகு ஒரு படிவம். அதில் ஒரு கேள்வி: இதற்கு முன் உங்களுக்கு வீடு மறுக்கப்பட்டதுண்டா? விவரம் தருக. தென்றல், எனக்குக் கை நிற்கவில்லை. சேரியில் பிறந்த நானும் நீயும் கல்யாணம் பண்ணிக்கொண்டு ஈரோட்டில் வீடு தேடிய கதை முழுவதும் எழுதினேன். என் ஊர்ப் பெயரைக் கேட்டதும் நீ குடித்துக்கொண்டிருந்த காபி டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்த வீட்டுக்கார அம்மா, காலையில் அட்வான்ஸ் வாங்கிச் சாயங்காலம் வாட்ச்மேனிடம் திருப்பிக் கொடுத்தனுப்பிய மில்காரர், தீண்டாமை பாவச்செயல் என்று முப்பது வருஷம் பாடம் நடத்தி ரிட்டயரான வாத்தியார். பதினோரு வீடு. இரண்டு தடவை கூடுதல் தாள் கேட்டேன்.

"மிஸ்டர் அகிலன், இந்த ஈரோடு எந்தப் பக்கம் இருக்கு? நியூ ஜெர்சியிலயா?"

"இந்தியாவுல, மேடம்."

"அது எங்க எல்லைக்குள்ள வராதே."

"தெரியும். கேட்டிருந்தீங்க, எழுதிட்டேன். இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லை."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பதினொன்றையும் படித்தார். நடுவில் ஒரு முறை, "அந்த வாத்தியாருமா?" என்று கேட்டார். கிழித்துப் போடுவார் என்று நினைத்தேன். கோப்பிலேயே வைத்து ஸ்டேப்ளர் அடித்தார். நம்முடைய ஈரோடு இப்போது அமெரிக்க அரசாங்கத்தின் அலமாரியில் இருக்கிறது.

அப்புறம் அவர்கள் ஒரு வெள்ளைக்காரரையும், இரண்டு மணி நேரம் கழித்து என் நிறத்தில் ஒருவரையும், வாடகைக்கு வீடு கேட்பவர்கள் மாதிரி அந்த மேனேஜரிடம் அனுப்பிச் சோதித்தார்கள். இரண்டு பேருக்கும் ஒரே வேலை, ஒரே சம்பளம் என்று சொல்லச் சொல்லி. வெள்ளைக்காரருக்கு மூன்று வீடு காட்டிக் காபியும் கொடுத்திருக்கிறான். நம்மாளுக்கு, "இப்பத்தான் போயிடுச்சு." போன வாரம் எல்லோரையும் மேஜையைச் சுற்றி உட்கார வைத்தார்கள். மேனேஜர் என் முகத்தைப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டான். ஆறு தெரியும் பக்கத்தில் அடுத்து காலியாகும் வீடு எனக்கு. ஜூலை ஒன்றாம் தேதி சாவி!

அதனால் டிக்கெட்டைப் போட்டுவிடு. கட்டில் வாங்கவில்லை, நீ வந்து தேர்ந்தெடு. வெண்பாவுக்கு என் நெற்றியில் முட்டி விளையாடக் கற்றுக்கொடு, டெலிபோனில் அது முடியவில்லை. உன் அப்பா கேட்காவிட்டாலும் அவருக்கு என் வணக்கம். நீ வேளைக்குச் சாப்பிடு, உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் வரவுக்காக வாசலையே பார்த்திருக்கும்,
அகிலன்

பி.கு.: கவரை ஒட்டும் நேரத்தில் கம்பெனியிலிருந்து போன். இங்கே பிராஜெக்ட் முடிந்ததாம். திங்கட்கிழமை நான் டெக்ஸாஸில், ரவுண்ட் ராக் என்ற ஊரில் இருக்க வேண்டும். மூவாயிரம் கிலோமீட்டர் தள்ளி. மிஸஸ் வில்லிஸுக்குச் சொன்னேன். அந்த மேனேஜர் இனி யார் வந்து கேட்டாலும் முகம் பார்க்காமல் வீடு காட்டித்தான் ஆக வேண்டும், அதற்கும் சேர்த்துத்தான் கையெழுத்து என்றார். ஆக, அந்த ஜன்னலில் வேறு யாருடைய மனைவியோ தலை உலர்த்துவாள். உலர்த்தட்டும். டெக்ஸாஸில் இருக்கும் அவர்களுடைய புகார் அலுவலகத்தின் நம்பரும் கொடுத்திருக்கிறார். நீ டிக்கெட்டை ரத்து பண்ணாதே, வா. அங்கே வீடு தேடும்போது உன்னையும் கூட்டிக்கொண்டு போகிறேன். சாத்துகிற கதவை இரண்டு பேராக நின்று பார்க்கலாம்.