யோசேப்பைக் கம்மாபுரத்துக்கு ஏலம் விட்ட கதை

கையில் மைக்கைக் கொடுத்தால் ஓரளவு நல்ல மனிதனும் கெட்டுப்போவான். இதற்குச் சாட்சி தேடி நான் வெளியே போக வேண்டியதில்லை. பிரசங்க மேடையில் நிற்கும்போது எனக்குக் கொஞ்சம் பயம் இருக்கும். மேலே ஒருவர் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று தெரியும். ஏலம் விடும்போது அந்தப் பயமும் போய்விடும். (அவர் அங்கேயும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார். ஓர் ஏல நாள் சாயங்காலம்தான் தெரிந்தது.)

விருத்தாசலத்துக்குப் போதகராக மாற்றலாகி வந்த புதிது. அறுப்பின் பண்டிகை வந்தது. சபையார் தங்கள் விளைச்சலில் ஒரு பங்கைக் கொண்டுவந்து பலிபீடத்துக்கு முன்னால் வைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் அதையெல்லாம் ஆலய வாசலில் வைத்து ஏலம் விடுவோம். விளைச்சல் என்றால் நெல்லும் கரும்பும் முந்திரியும் மட்டுமல்ல. எங்கள் சபையில் பாதிப்பேர் செராமிக் எஸ்டேட் என்கிற தொழிற்பேட்டையில் வேலை பார்ப்பவர்கள், அவர்களுக்குப் பீங்கான்தான் விளைச்சல். பூசணிக்காய்க்குப் பக்கத்தில் ஊறுகாய் ஜாடி இருக்கும். கால் கட்டிய கோழிக்குப் பக்கத்தில் ஒரு டஜன் டீ கப் இருக்கும். ஏலம் எடுக்கச் சபைக்காரர்கள் மட்டுமில்லாமல் சுற்றுப்பக்கத்து இந்துக் குடும்பங்களும் வருவார்கள். சாமி முன்னால் வைத்து எடுத்த பொருள் வீட்டுக்கு வந்தால் நல்லது என்று ஒரு நம்பிக்கை. எந்தச் சாமி என்று யாரும் துருவிக் கேட்பதில்லை, நானும் கேட்டதில்லை.

எங்கள் சபையில் இன்னொரு பழக்கமும் உண்டு. ஜெபிக்க வேண்டிய பொருளைப் பலிபீடத்தின் இடது படியில் வைத்துவிட்டுப் போவார்கள். பரீட்சை ஹால் டிக்கெட், பாஸ்போர்ட், புது பைக்கின் சாவி, ஒருமுறை ஓடாத மிக்ஸி. ஆராதனை முடிந்ததும் நான் கைவைத்து ஜெபித்துக் கொடுப்பேன். மிக்ஸி ஓடியதா என்று தெரியாது.

அன்றைக்குக் காலையில் ரூபி ஓர் அட்டைப்பெட்டியைக் கொண்டுவந்து அந்த இடது படியில் வைத்தாள். ரூபி பல வருடம் பொம்மைக் கம்பெனியில் அடுத்தவர் அச்சில் பிள்ளையாரும் கிருஷ்ணரும் ஊற்றிக்கொண்டிருந்தவள். அந்த வேலையை விட்டுவிட்டுச் சொந்தமாக ஒரு ஷெட் பிடித்திருந்தாள்.

"ஐயா, என்னோட மொத சூளையில எடுத்த சாம்பிளு. பாண்டிச்சேரி கடைக்காரரு நாளைக்குக் காலைல பாக்க வராரு. அவரு ஆர்டர் குடுத்தாத்தான் ஷெட்டு நிக்கும், இல்லன்னா பழைய கம்பெனிக்கே போயி நிக்கணும். நல்லா ஜெபம் பண்ணுங்க. சூளை எரிஞ்சிக்கினு இருக்குது, நான் போயிட்டு நாலு மணிக்கு வந்து எடுத்துக்கிறேன்."

நன்றாகவே ஜெபித்தேன். அதில் குறை சொல்ல முடியாது. பிறகு ஒருவர் வாழைத்தார் கொண்டுவந்தார். வைக்க இடமில்லை. நானே குனிந்து ரூபியின் பெட்டியைத் தூக்கி வலதுபக்கம், காணிக்கைப் பெட்டிகளோடு வைத்தேன். எஸ்டேட்காரர்கள் எல்லோரும் ஒரே மாதிரி அட்டைப்பெட்டியில் ஒரே மாதிரி வைக்கோல் திணித்துத்தான் கொண்டுவருவார்கள். வைத்து நிமிர்ந்தபோதே எனக்கு அது மறந்துவிட்டது.

ஏலம் ஆரம்பித்தது. வெள்ளாடு ஒன்று நல்ல விலைக்குப் போனது. ஜாடி போனது, கப் போனது. அடுத்த பெட்டியைத் திறந்தால் கிறிஸ்துமஸ் குடில் பொம்மைகள்: மரியாள், யோசேப்பு, குழந்தை இயேசு, மேய்ப்பர்கள், கிழக்கிலிருந்து நட்சத்திரம் பார்த்து வந்த மூன்று சாஸ்திரிகள், செம்மறிகள், ஓர் ஒட்டகம், குழந்தையைக் கிடத்தும் தீவனத் தொட்டியான முன்னணை. அவ்வளவு அழகு. மரியாளின் முகத்தில் பிரசவக் களைப்புகூடத் தெரிந்தது. முழு செட்டாகக் கேட்டுப் பார்த்தேன், யாரும் வாய் திறக்கவில்லை. அப்போதுதான் எனக்குள் இருந்த வியாபாரி விழித்துக்கொண்டான். தனித்தனியாக விட்டால் என்ன?

மரியாளின் புருஷன் யோசேப்பை உயர்த்திப் பிடித்தேன். "இந்தப் பெரியவரைப் பாருங்க. வேதாகமத்துல மொதல்லேருந்து கடைசி வரைக்கும் ஒரு வார்த்தைகூடப் பேசாத மனுஷன். இப்படி ஒருத்தர் வீட்டுல இருந்தா சண்டைக்கு வழியே இல்லை." பெண்கள் பக்கம் சிரிப்பு. அந்தச் சிரிப்புதான் என்னைக் கெடுத்தது. கம்மாபுரத்திலிருந்து வரும் யோசேப்பு அண்ணன், சுரங்கத்தில் வேலைபார்த்து ஓய்வு பெற்றவர், தன் பேர்க்காரரை விட்டுக்கொடுக்க முடியாது என்று போட்டி போட்டு எடுத்தார். மரியாளை என் மனைவி எஸ்தரே கேட்டாள். அவளை எதிர்த்து ஏலம் கேட்கப் பெண்கள் சங்கத்தில் யாருக்கும் துணிச்சல் இல்லை. சாஸ்திரிகள் மூன்று திசைக்குப் போனார்கள். (வந்தது ஒரே திசையிலிருந்து. நான் என்ன செய்ய?) குழந்தை இயேசுவைக் கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து வந்த ஓர் அம்மா இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு போனார். முன்னணையை மட்டும் யாரும் கேட்கவில்லை.

அவ்வளவு பெரிய தொகை அந்தச் சபையில் அதுவரை ஏலத்தில் வந்ததில்லையாம். நான் விருந்துச் சாப்பாட்டை முடித்துவிட்டு, ஒரு நல்ல ஊழியக்காரனின் நிம்மதியோடு படுத்துத் தூங்கினேன்.

நாலு மணிக்கு ரூபி ஆலயத்தை ஒட்டிய எங்கள் வீட்டுக்கு வந்தாள். "பொட்டிய எடுத்துக்கட்டுங்களா ஐயா?"

"எது, அந்த..." என்று ஆரம்பித்தேன். அதற்குள் அவளே வராண்டா மூலையில் கிடந்த பெட்டியைத் திறந்துவிட்டாள். உள்ளே வைக்கோலும் முன்னணையும் இருந்தன. வைக்கோலைக் கிளறிப் பார்த்தாள். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"மத்தவங்கல்லாம் எங்கங்க ஐயா?"

"ஏலம் போயிட்டாங்கம்மா" என்றேன். என் வாழ்நாளில் அதைவிடக் கேவலமான ஒரு வாக்கியத்தை நான் சொன்னதில்லை.

அவள் அழவில்லை. அழுதிருந்தால் ஆறுதல் சொல்லத் தெரியும், அதற்குத்தான் படித்திருக்கிறேன். அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். நான் சும்மா இருக்காமல், இன்னொரு செட் உடனே செய்ய முடியாதா என்று கேட்டேன்.

"அச்சுல ஊத்தி, காய வச்சி, சூளையில ஏத்தி, ஆற வச்சி, பெயிண்ட் அடிக்கணும். நீங்க வித்த வேகத்துக்கு ஆவாதுங்க ஐயா."

எஸ்தர் உள்ளேயிருந்து மரியாளைக் கொண்டுவந்து ரூபியின் கையில் கொடுத்தாள். மரியாள் அதுவரை எங்கள் ஃப்ரிட்ஜ் மேல் நின்றுகொண்டிருந்தாள். பிறகு எஸ்தர் போனை எடுத்து, சாஸ்திரிகள், மேய்ப்பர்கள், ஒட்டகம், ஆடு வாங்கியவர்கள் உடனே போதகர் வீட்டுக்குக் கொண்டுவரவும் என்று சபை வாட்ஸ்அப் குழுவில் போட்டாள். நல்ல சபை, வந்துவிட்டார்கள். வெள்ளாட்டை எடுத்தவரும் ஆட்டை இழுத்துக்கொண்டு வந்து நின்றார். அவரைச் சமாதானப்படுத்தி அனுப்புவதற்குள் ஆடு எங்கள் செம்பருத்தியை முடித்துவிட்டது.

யோசேப்பும் குழந்தையும் பாக்கி. ஸ்கூட்டரை எடுத்தேன். எஸ்தர் பின்னால் ஏறிக்கொண்டாள். "நீங்க தனியாப் போனா வழியில வேற யாரையாச்சும் வித்துட்டு வருவீங்க."

கம்மாபுரத்தில் யோசேப்பு அண்ணன் வீட்டில் பொம்மை டிவி ஸ்டாண்டில் நின்றது. விஷயத்தைச் சொன்னேன். அண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டார்.

"எங்க ஊருல சுரங்கத்துக்குன்னு நெலத்த எடுத்துக்கிறாங்க. வூட்ட எடுத்துக்கப் போறோம்ன்றாங்க. இப்ப நீங்க வந்து ஏலத்துல எடுத்த யோசேப்பையும் எடுத்துக்கினு போறேன்றீங்க. ஒரு மனுஷன்கிட்ட எதைத்தாங்க ஐயா வுட்டு வைப்பீங்க?"

காலையில் அந்த மைக்கில் வந்த வார்த்தைகளெல்லாம் எங்கே போயின என்று தெரியவில்லை. எஸ்தர்தான் சொன்னாள்: "அண்ணே, இது ரூபி செஞ்சது. அவளுக்குத் தெரியாம இவரு வித்துட்டாரு."

"ரூபி பொண்ணுதா? அத மொதல்லயே சொல்றது இல்லையா" என்று பொம்மையை எடுத்துத் தன் துண்டிலேயே சுற்றிக் கொடுத்தார். "அந்தப் பொண்ணுக்காகத்தான். உங்களுக்காக இல்லீங்க."

அங்கிருந்து திரும்பி, ஊரைத் தாண்டிக் கருவேப்பிலங்குறிச்சி. வழியெல்லாம் ஒரு வாக்கியத்தைத் தயார் செய்துகொண்டே போனேன். அம்மா, தவறு நடந்துவிட்டது, தயவுசெய்து அந்தக் குழந்தையைத் திருப்பிக் கொடுங்கள். எளிய வாக்கியம்தான். வீடு விசாரித்துப் போய் இறங்கினோம். ஏலத்தில் எடுத்த அம்மா ஓடிவந்து பாய் விரித்தார். மருமகளைக் கூப்பிட்டார். இருபத்தைந்து வயது இருக்கும் அந்தப் பெண் டீ கொண்டுவந்து வைத்துவிட்டு முந்தானையைச் சரிசெய்துகொண்டு சுவரோரமாக நின்றாள்.

"கல்யாணம் ஆயி ஆறு வருஷம் ஆவுதுங்க. போவாத கோயில் இல்ல. இன்னைக்கு உங்க கோயில்லேருந்து கொழந்தைய எடுத்தாந்து இவ கையில குடுத்தேன். சாயங்காலத்துக்குள்ள நீங்களே ஜெபம் பண்ண வந்துட்டீங்க. யாருங்க இப்படித் தேடி வருவாங்க?"

சாமி அலமாரியில் முருகனுக்குப் பக்கத்தில், மஞ்சள் துணி விரித்து, குழந்தை இயேசு படுத்திருந்தார். நெற்றியில் சந்தனமும் குங்குமமும். இறையியல் கல்லூரியில் இதற்கு என்ன பதில் சொல்லிக் கொடுத்தார்கள் என்று யோசித்தேன். எஸ்தரைப் பார்த்தேன். அவள் லேசாகத் தலையை ஆட்டினாள், வேண்டாம் என்று.

என்னால் கேட்க முடியவில்லை. எழுந்து நின்று ஜெபம் செய்தேன். அன்றைக்கு நான் செய்ததில் குரலை ஏற்றாமல் செய்தது அது ஒன்றுதான்.

ரூபி எங்கள் வீட்டுப் படியிலேயே உட்கார்ந்திருந்தாள். யோசேப்பைத் துண்டோடு வாங்கிப் பெட்டியில் வைத்துவிட்டுக் குழந்தைக்காகக் கையை நீட்டினாள். நடந்ததைச் சொன்னேன். சொல்லி முடிக்கும் முன் கோபம் வந்துவிட்டது அவளுக்கு.

"உங்களுக்கு மனசு கேக்கல, வந்துட்டீங்க. கொழந்தை இல்லாத குடில யாருங்க வாங்குவாங்க? எனக்கு இது பொம்மையில்லீங்க ஐயா, சோறு."

"தப்பு என்னுதும்மா. நாளைக்கு நானே வந்து அவர்கிட்ட சொல்றேன்" என்றேன்.

"நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம்" என்றாள் வேகமாக. (எஸ்தரும் அதையே சொன்னாள்.) பெட்டியை மூடிக் கயிறு கட்டினாள். கேட் வரை போனவள் திரும்பிப் பார்த்தாள். "ஆறு வருஷமாவா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். பெட்டியை இடுப்பில் ஏற்றிக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள் காலை வேண்டாம் வேண்டாம் என்றாலும் ஷெட்டுக்குப் போய் ஓரமாக நின்றேன். பாண்டிச்சேரிக்காரர் வந்தார். மரியாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒட்டகத்தைத் தட்டிப் பார்த்தார். பிறகு முன்னணையைப் பார்த்தார்.

"எல்லாம் நல்லா இருக்குது. குழந்தை எங்கம்மா?"

ரூபி கண்ணைக்கூட இமைக்கவில்லை. "கொழந்தை இருபத்தி நாலாந்தேதி ராத்திரிதானுங்களே பொறக்கும். அதுவரைக்கும் தொட்டி காலியாத்தான் இருக்கணும். அதனால கொழந்தைய மட்டும் சின்ன டப்பாவுல தனியா குடுப்போம். அன்னைக்குத்தான் வூட்டுக்காரங்க பிரிச்சி வைக்கணும்."

அவர் என் பக்கம் திரும்பினார். "அப்படியா ஃபாதர்?" (கத்தோலிக்கக் குருவைக் கூப்பிடுவதுபோல என்னை ஃபாதர் என்று கூப்பிடுகிறவர்களைத் திருத்தித் திருத்தி ஓய்ந்துவிட்டேன்.)

"ஆமாங்க. பல ஆலயத்துல அப்படி ஒரு வழக்கம் உண்டு" என்றேன். பொய் இல்லை, உண்மையான வழக்கம்தான். இருந்தாலும் வியர்த்தது. அவருக்கு அந்தச் சின்ன டப்பா யோசனை மிகவும் பிடித்துப்போய்விட்டது. பெரிய ஆர்டராகவே கொடுத்துவிட்டுப் போனார். இன்றைக்கும் ரூபியின் குடில் செட்டில் குழந்தை தனி டப்பாவில்தான் வருகிறது.

கருவேப்பிலங்குறிச்சிப் பெண்ணுக்குக் குழந்தை பிறந்ததா என்று இதைக் கேட்கிற எல்லோரும் கேட்கிறார்கள். பிறந்தது என்று சொல்ல எனக்கும் ஆசைதான். அடுத்த வருடம் அறுப்பின் பண்டிகைக்கு ஒரு பூசணிக்காயைத் தூக்கிக்கொண்டு தனியாகத்தான் வந்தாள். ஒவ்வொரு வருடமும் வருகிறாள். ரூபிதான் அவளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்கிறாள். நான் இன்னும் ஜெபம் செய்துகொண்டிருக்கிறேன், ஆண்டவரிடம் கொஞ்சம் சண்டையும் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

ஏலத்தில் எனக்கு இப்போது மைக் கொடுப்பதில்லை, எஸ்தர்தான் நடத்துகிறாள். ஆனால் கல்யாண ஆராதனையில் என்னிடமிருந்து மைக்கைப் பிடுங்க முடியாதே. அதில் ஓர் இடம் வரும்: கடவுள் இணைத்து வைத்தவர்களை மனிதன் பிரிக்கக் கூடாது என்று போதகர் கணீரென்று சொல்லியாக வேண்டிய இடம். போன மாதம் ரூபியின் தம்பிக்குக் கல்யாணம். அந்த இடத்துக்கு வந்தேன். சொன்னேன். மூன்றாவது வரிசையில் யோசேப்பு அண்ணன் தொண்டையைச் செருமினார். பெண்கள் பக்கம் வரிசையாக முந்தானைகள் வாய்க்குப் போயின. மாப்பிள்ளையின் தோள் குலுங்கியது. மணப்பெண் இந்த மாவட்டத்து மங்களூர்ப் பக்கம், எங்கள் சபைக்குப் புதுசு. தன் கல்யாணத்தில் எதற்காக ஊரே சிரிக்கிறது என்று பயந்துபோய் என்னைப் பார்த்தாள்.

"உன்னைப் பாத்து இல்லம்மா, என்னைப் பாத்து" என்று சொல்லி, இருவர் தலைமேலும் கைவைத்து ஆசீர்வாதத்தை ஆரம்பித்தேன்.