எரிஞ்சா சாரும் எங்கள் வீட்டுக் கூரையும்

எங்கள் உப்பளக் கரையில் ஒரு நல்ல வார்த்தைகூடப் பேசாமல் ஊருக்கெல்லாம் வேண்டியவராக இருந்த மனிதர் எனக்குத் தெரிந்து ஒருவர்தான். எரிஞ்சா சார்.

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பேர் என்னவோ, மரக்காணத்தில் யாருக்கும் தெரியாது. எழுபதுகளில் வீட்டு இன்சூரன்ஸ் பிடிப்பதற்காகத் திண்டிவனம் பக்கத்திலிருந்து சைக்கிளில் வருவார். சித்திரை வெயிலிலும் மழைக்கோட்டு போட்டிருப்பார். "ஏன் சார் இந்த வெயில்ல?" என்று கேட்டால், "பேஞ்சா?" என்பார். எந்த வீட்டு வாசலில் நின்றாலும் முதல் பேச்சு, "எரிஞ்சா என்னா பண்ணுவீங்க?" அடுத்தது, "இடிஞ்சா?" அதற்கும் அடுத்தது, "அடிச்சிக்கினு போனா?" இதெல்லாம் கேட்டு முடித்துவிட்டுத்தான், "அப்புறம், வீட்டுல எல்லாரும் நல்லா இருக்கீங்களா?" என்பார்.

பக்கத்து வீட்டு பாத்திமா அக்கா புது வீடு குடிபோன அன்று அழைக்காமலே வந்து நின்றார். அக்காவின் வீட்டுக்காரர் வெளிநாட்டில் உழைத்து அனுப்பிய காசில் கட்டிய ஓட்டு வீடு. எல்லோரும் வீட்டைப் பார்த்து வாயாரப் புகழ்ந்துகொண்டிருக்க, இவர் அண்ணாந்து புது ஓட்டைப் பார்த்தார். "எரிஞ்சா?" என்றார்.

பாத்திமா அக்கா துடைப்பத்தோடு வந்துவிட்டது. "யோவ், நல்ல நாளும் அதுவுமா! வாயக் கழுவிட்டு வாய்யா!"

"கழுவிட்டேம்மா. பிரியாணின்னு சொன்னாங்க, வாயும் கையும் கழுவிட்டுதான் வந்தேன்."

உட்கார்ந்து சாப்பிட்டார். எழுந்திருக்கும்போது, "பிரியாணி நல்லா இருக்குது. ஆனா அடுப்புக்கும் பந்தலுக்கும் நடுவுல எடம் பத்தல" என்றார். அக்கா அடுப்பைப் பார்த்தது, பந்தலைப் பார்த்தது. அடுத்த வாரமே பாலிசி எடுத்துவிட்டது.

பிறகு எங்கள் வீட்டுக்கு வந்தார். என் வீட்டுக்காரர் அந்தோணி, சின்னதாக ஓர் உப்பளத்தைக் குத்தகைக்கு எடுத்துப் பாடுபட்டுக்கொண்டிருந்தார். எங்கள் வீடு மண்சுவர், பனை ஓலைக் கூரை. புது ஆள் யார் வந்தாலும் நான் கதவுக்குப் பின்னால் போய்விடுவேன். என் சுபாவம் அது. வருகிறவர்களும் என்னை இல்லாத மாதிரி வைத்துக்கொண்டு பேசிவிட்டுப் போவார்கள். எரிஞ்சா சார் மட்டும் கதவைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார்.

"அம்மா, நீங்களும் கேட்டுக்கங்க. எரிஞ்சா மொதல்ல எரியறது உங்க அடுப்பங்கரைதான்."

கதவு பதில் சொல்லவில்லை. அவர் அதைக் குறையாக எடுத்துக்கொள்ளவில்லை. என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பினார்.

"ஏம்பா, இந்த வீடு எவ்ளோ பெறும்?"

"இத யாரு சார் வாங்குவா? ஒண்ணும் பெறாது."

"வித்தா எவ்ளோன்னு கேக்கல. விழுந்தா மறுபடியும் கட்ட எவ்ளோ ஆவும்?"

"விழலியே சார்."

"விழுந்தா?"

"அதான் கட்டியிருக்குதே சார். கட்டியிருக்கிற வீட்ட எதுக்கு மறுபடி கட்டணும்?"

எரிஞ்சா சார் மழைக்கோட்டைக் கழற்றி உதறி மறுபடியும் போட்டுக்கொண்டார். கோபம் வந்தால் அப்படித்தான் செய்வார். கடைசியில் என் வீட்டுக்காரர் இறங்கி வந்தார். "சரி சார், நெருப்புக்கு மட்டும் போடுங்க. அதுதான் கம்மியா வருது." சார் அவர் கையைப் பிடித்து வாசலுக்கு இழுத்துக்கொண்டு போய்க் கடல் பக்கம் நிறுத்தினார்.

"என்னா தெரியுது?"

"தண்ணி சார்."

"இந்தப் பக்கம்?"

"கழிவெளி. அதுவும் தண்ணிதான்."

"ரெண்டு பக்கமும் தண்ணி, நடுவுல நீ. நெருப்புக்கு மட்டும் போடுன்றியே, உனக்கே நல்லா இருக்குதா?"

புயலுக்கும் வெள்ளத்துக்கும் சேர்த்துப் போட்டுவிட்டுத்தான் போனார்.

அன்று பிடித்த குழப்பம் இன்றைக்கும் எனக்குத் தெளியவில்லை. ஒன்றும் நடக்காவிட்டால் கட்டின பணம் போச்சு. நடந்தால் வீடு போச்சு. ஞாயிற்றுக்கிழமை பூசையில் முழங்காலில் நின்றால் எதை வேண்டிக்கொள்வது? பணம் வீணாகக் கூடாது என்று வேண்டினால் வீடு எரிய வேண்டும். பாதி செபத்திலேயே நிறுத்திவிட்டு வந்த வாரங்கள் உண்டு. மறுவருஷம் புதுப்பிக்க வந்தபோது என் வீட்டுக்காரர் நேராகவே கேட்டுவிட்டார்.

"போன வருசந்தான் ஒண்ணுமே எரியலியே சார். அந்தப் பணத்தையே இந்த வருசத்துக்கு வச்சிக்கங்களேன்."

"ராத்திரி காவலுக்கு ஆள் வைக்கிற. திருடன் வரல. காவக்காரன்கிட்ட சம்பளத்தத் திருப்பிக் கேப்பியா?"

"கேட்டுப் பாப்பேன் சார்."

மழைக்கோட்டு உதறப்பட்டது.

அதற்குள் அவர் கண் நிலைப்படிக்கு மேலே போனது. எங்கள் தெருவில் வருஷா வருஷம் பங்குச் சாமியார் வந்து வீடு மந்திரித்துவிட்டுப் போவார். அவர் கொடுக்கும் படத்தை நிலைக்கு மேலே கஞ்சிப்பசை தடவி ஒட்டுவோம். வீட்டைக் காப்பாற்றும் என்றுதானே அந்தப் பாலிசித் தாளையும் கொடுத்தார்கள்? அதனால் அதையும் அந்தோணியார் படத்துக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்தோம். நாங்கள் மட்டுமில்லை, தெருவே ஒட்டியிருந்தது. உப்புக்காற்றில் அது அப்பளமாகப் பொரிந்து நின்றது.

சார் கதவைப் பார்த்து, அழாத குறையாகக் கேட்டார். "அம்மா, வீடு போனா காட்டுறதுக்குதான் இந்தத் தாளு. இத வீட்டு மேலயே ஒட்டிட்டா, வீட்டோட இதுவும் போயிடாதா?"

எனக்கும் அப்போதுதான் அது உறைத்தது. தண்ணீர் தெளித்துத் தெளித்து, தெரு முழுக்க அவரே உரித்தெடுத்தார். சில வீடுகளில் புனிதர்களும் சேர்ந்து உரிந்து வந்தார்கள். எல்லாத் தாளையும் கோயிலுக்கு எடுத்துப்போய்ப் பங்குச் சாமியாரின் பீரோவில் வைக்கச் சொன்னார். சாமியார் வாங்கிவைத்துக்கொண்டு, "கோயில் எரிஞ்சா?" என்று கேட்டிருக்கிறார். ஊரில் சாரை வாயடைக்க வைத்த ஒரே ஆள் அவர்தான்.

பிறகு நாங்கள் முன்பக்கத்தை மட்டும் இடித்துச் செங்கல் அறையாகக் கட்டினோம். எப்படித்தான் தெரிந்ததோ, சுவரின் ஈரம் காய்வதற்குள் சைக்கிள் மணி கேட்டது. "பழைய தொகை பத்தாது. செங்கல் செவுத்தையும் சேத்து ஏத்தணும்."

"செங்கலு எரியுமா சார்? நீங்களே சொல்லுங்க."

"எரியாது. இடியும்."

என் வீட்டுக்காரர் அவரை என்னென்னவோ சொல்லித் திட்டினார். திட்டிக்கொண்டே பணம் கட்டினார்.

அந்த வருஷந்தான் அது நடந்தது. மழைக்காலத்துக்கு முன்னால் உப்பைக் குவித்து ஓலை வேய்ந்து மூடிவிடுவது எங்கள் வழக்கம். அந்த முறை ஓலை வண்டி வந்து சேரவில்லை. மழை முந்திக்கொண்டது. மத்தியானமே வானம் கறுத்துக் கடல் மேல் இறங்கியது. மேட்டில் எங்கள் ஒரு வருஷப் பாடு வெள்ளைவெளேரென்று திறந்து கிடக்கிறது. என் வீட்டுக்காரர் உப்பைப் பார்த்தார். வீட்டைப் பார்த்தார். ஏணியை எடுத்துப் பின்பக்கக் கூரையில் சாய்த்தார்.

"என்னாங்க பண்றீங்க?" என்றேன்.

"நாம நனைஞ்சா காய்ஞ்சிடுவோம். உப்பு நனைஞ்சா காயுமா?"

உப்பளத்துக்காரன் பெண்டாட்டிக்கு இது தெரியாதா? நானும் கீழே நின்று ஓலை வாங்கினேன். பின்பக்கக் கூரை முழுக்க உப்புக் குவியலுக்கு மேலே போனது. கயிறு கட்டிக் கல்லும் வைத்தாயிற்று.

மழையோடு விட்டிருந்தால் சரி. மறுநாள் புயலாகவே வந்தது. கூரை இல்லாத மண்சுவர் கரைந்து உட்கார்ந்தது. முன்னால் நின்ற தென்னை வேரோடு சாய்ந்து செங்கல் அறை மேல் விழுந்து, சுவர், கூரை எல்லாம் தரையோடு தரை. என்ன அதிசயமோ, கதவும் நிலையும் மட்டும் அசையாமல் நின்றன. நாங்கள் பிள்ளைகளோடு கோயில் பள்ளிக்கூடத்தில் ஒண்டினோம். திரும்பப் போக வீடு இல்லை. இன்சூரன்ஸ் கிடைத்தால்தான் சுவர்.

தண்ணீர் வடிந்ததும் எரிஞ்சா சார் ஆபீஸ் சர்வேயரைக் கூட்டிக்கொண்டு வந்தார். புது ஆளைப் பார்த்ததும் நான் வழக்கம்போலக் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். சுற்றிலும் சுவர் இல்லை என்பது நின்ற பிறகுதான் எனக்கு உறைத்தது. எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் நான் முழுசாகத் தெரிகிறேன். சர்வேயர் வெறித்துப் பார்த்தார். எரிஞ்சா சார் அப்படிப் பார்க்கவில்லை. சுற்றிக்கொண்டு முன்பக்கம் வந்து, கதவைப் பார்த்து, எப்போதும் போலக் கும்பிட்டார்.

சர்வேயர் கேட்டார். "பின்பக்கக் கூரை எப்ப போச்சி?"

"காத்துல போச்சிங்க" என்றார் என் வீட்டுக்காரர்.

சர்வேயர் எழுதப்போனவர், நிமிர்ந்து உப்பு மேட்டைப் பார்த்தார். வெள்ளை உப்பு மேல் ஓலை கன்னங்கரேலென்று இருந்தது. அத்தனையும் என் அடுப்புப் புகை.

"அந்த ஓலை ஏன் அவ்ளோ கறுப்பா இருக்குது?"

"காத்து தூக்கினு போயி அங்க போட்டுச்சிங்க."

"போட்டுட்டு, கயிறு கட்டி, கல்லும் வச்சிட்டுப் போச்சா?"

என் வீட்டுக்காரர் தலையைச் சொறிந்தார். சர்வேயர் பேனாவை மூடினார். "பொய் சொல்ற ஆளுக்கு ஒண்ணும் எழுத முடியாது. கெளம்பலாம்."

எரிஞ்சா சார் நகரவில்லை. கதவைப் பார்த்து மெதுவாகச் சொன்னார். "அம்மா, நீங்க சொல்லுங்க. நடந்தத அப்படியே சொல்லுங்க."

கதவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். "நாங்கதான் எடுத்தோம். உப்பு நனைஞ்சிடும்னு. முன்பக்கத்தத் தொடல. அது தென்ன மரம் சாச்சது."

புது ஆண்பிள்ளைகள் முன்னால் நான் பேசிய முதல் பேச்சு அது. அவ்வளவுதான், எரிஞ்சா சார் சாமி வந்தவர் மாதிரி ஆகிவிட்டார். "கேட்டீங்களா? பின்பக்கம் வேணாம். கூரை அவங்களா எடுத்தது, மண்செவுரு அதனால போச்சி, நாங்க கேக்கல. முன்பக்கம் வாங்க. மரம் இருக்குது, வேர் இருக்குது, விழுந்த செவுரு இருக்குது. செங்கல்னு இந்த வருசந்தான் ஏத்திக் கட்டியிருக்குது. இதுல காத்த தவிர வேற எவன் கை இருக்குது?" சர்வேயரை இழுத்துக்கொண்டு மரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார். சர்வேயர் மறுபடியும் பேனாவைத் திறந்தார்.

செங்கல் சுவருக்கு முழுசாக வந்தது. ஏற்றிக் கட்டியிருக்காவிட்டால் பாதிச் சுவர்கூட எழும்பியிருக்காது. என் வீட்டுக்காரருக்கு மட்டும் மனசு ஆறவில்லை. "கூரைய விட்டுக் குடுத்திட்டீங்களே சார்."

"உப்பு நனைஞ்சிதா?"

"இல்ல சார்."

"அப்ப கூரை குடுக்கவேண்டியத குடுத்திடுச்சி. ரெண்டு தடவ கேக்கக் கூடாது."

அந்த உப்பு விற்ற காசில்தான் வீட்டுக்கு ஓடு போட்டோம்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வருஷமும் முதல் மேகம் கறுக்கும்போது சைக்கிள் மணி கேட்கும். இறங்கமாட்டார். ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு ரோட்டிலிருந்தே கத்துவார். "கூரை வீட்டு மேலதான இருக்குது?" ஓட்டை எடுத்துப்போய் யார் உப்பு மேல் போடுவார்கள்? அது அவருக்கும் தெரியும். ஆனாலும் கேட்பார். என் வீட்டுக்காரர் சிரித்துக்கொண்டு, "இருக்குது சார், இருக்குது!" என்பார். நான் கதவுக்குப் பின்னால் நிற்பேன். மழைக்கோட்டு காற்றில் பறக்க, அடுத்த வீட்டைப் பயமுறுத்தப் போய்விடுவார்.

ஒரு வருஷம் மேகம் கறுத்தது, மணி கேட்கவில்லை. அதற்குப் பிறகு கேட்கவே இல்லை.

இப்போது மாடி வீடு. தவணையை என் மகன் மறக்காமல் கட்டுகிறான். தொகையையும் அவ்வப்போது ஏற்றுகிறான். எனக்குத்தான் இன்னமும் ஒன்றும் புரிகிறதில்லை. ஆனால் கடல் மேல் முதல் மேகம் கறுக்கும்போது நான் கதவை விட்டு வாசலுக்கு இறங்கிவிடுவேன். ஒருமுறை அண்ணாந்து பார்த்துவிட்டு, ரோட்டைப் பார்த்து, சத்தமாகவே சொல்லுவேன்.

"இருக்குதுங்க சார்."