மூன்று இருமல்

"மறுபடியும் மூணு" என்று நோட்டில் குறித்துக்கொண்டே மகன் வார்டு வாசலுக்கு ஓடினார். "சிஸ்டர், அப்பாவுக்குப் புரையேறுது."

நர்ஸ் வந்தபோது அப்பா தலையணையில் சாய்ந்து, மீசையில் ஒட்டியிருந்த டீயைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"நல்லாத்தானே இருக்காரு?"

"நீங்க வந்ததும் அடங்கிடுச்சு" என்றார் மகன், திருடனைக் கோட்டைவிட்ட போலீஸ்காரரின் வருத்தத்துடன்.

அப்பா ஒரு பெரிய அலுவலகத்தில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். வயது எண்பத்தொன்று. போன வாரம் லேசான பக்கவாதம். கை கால் தேறிவிட்டது, தொண்டைமேல்தான் சந்தேகம். குடிப்பது நுரையீரலுக்குள் இறங்கினால் ஆபத்து என்று டாக்டர் சொன்ன அந்த நிமிஷமே மகன் பதவியேற்றுக்கொண்டார். அவர் ஒரு தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டு அதிகாரி. எதற்கெடுத்தாலும் கட்டம் போடுவதால் அங்கே அவருக்கு 'கட்டம் சார்' என்றே பெயர். அப்பாவின் தொண்டைக்கும் நோட்டு வாங்கி, நேரம், ஸ்பூன், இருமல் என்று கட்டம் போட்டுவிட்டார்.

விழுங்குவதைச் சோதிக்கும் தெரபிஸ்ட் வந்து, தண்ணீர், டீ, பிஸ்கட் என்று வரிசையாகக் கொடுத்துப் பார்த்தாள். அப்பா எல்லாவற்றையும் சமர்த்தாக விழுங்கினார்.

"எங்கிட்ட இருமலையே சார்."

"நீங்க வெளியாளு மேடம். உங்க முன்னாடி கௌரவம் பார்ப்பாரு. உண்மை நிலவரம் இதுல இருக்கு."

நோட்டில் சிவப்பு மையில் பதினோரு தடவை. ஒவ்வொன்றிலும் மூன்று. கண்ணால் பார்த்ததைவிடக் கட்டம் போட்டு எழுதியதற்கு எங்கேயும் மரியாதை அதிகம். தெரபிஸ்ட் பயந்துபோய், டீயில் கெட்டியாக்கும் பவுடரைக் கலக்கச் சொன்னாள்.

டீ தேன் பதத்துக்கு வந்தது. அப்பா ஒரு வாய் விழுங்கினார். மகனைப் பார்த்தார். மூன்று தடவை இருமினார். மகன் ஓடினார்.

மறுநாள் கூழ் பதம். மூன்று இருமல். ஓட்டம். அதற்கடுத்த நாள் டீயில் ஸ்பூனை நட்டால் நிற்கும்போல இருந்தது. அன்றைக்கும் மூன்றுதான்.

"என்ன பண்ணுதுன்னு மாமாவையே கேளுங்களேன்" என்றாள் மருமகள்.

"அவர் என்னைக்குப் பேசினாரு?"

அப்பாவின் பேச்சைப் பற்றி டாக்டரும் கேட்டிருந்தார். "எத்தனை நாளா பேச்சு குறைஞ்சிருக்கு?" மகன் யோசித்து, "நான் பொறந்ததுலேர்ந்து டாக்டர்" என்றிருந்தார்.

மத்தியானம் அப்பா கண்ணயர்ந்ததும், மகனுக்குப் பழைய வீடு ஞாபகம் வந்தது. சாயங்காலம் ஆறு மணிக்குச் செருப்புச் சத்தம். ஜன்னலோரப் பிரம்பு நாற்காலி. அம்மா கொண்டுவந்து வைக்கும் டீ. அவர் கேட்டு வாங்கும் நான்கு பிஸ்கட். முதல் வாய் குடித்ததும் மூன்று இருமல். அவ்வளவுதான், ரேடியோ வாயை மூடிக்கொள்ளும். அக்கா புத்தகத்தோடு உள்ளறைக்குப் பறப்பாள். அம்மாவும் சமையலறைக்குள் நழுவிவிடுவாள். மகன் மாடிப்படிக்கு அடியில். அங்கிருந்து பார்த்தால் அப்பாவின் பாதங்கள் மட்டும் தெரியும், நெடுநேரம் அசையாமல். கடைசியில் தட்டு உள்ளே வரும்போது மூன்று பிஸ்கட் மிச்சமிருக்கும். ஆளுக்கொன்று. அந்த ருசி அப்புறம் எந்த பிஸ்கட்டிலும் இல்லை.

பெரிய டாக்டர், பின்னால் ஆறு பேர் அணிவகுக்க வந்தார். அப்பாவைப் பார்க்கவில்லை, நோட்டைப் பார்த்தார்.

"பிரமாதமா எழுதியிருக்கீங்க."

மகன் பரிசு வாங்கியவர்போலச் சிரித்தார்.

"நாலு மணிக்கு மூக்கு வழியா டியூப் போட்டுடலாம். இனி வாயில எதுவும் வேண்டாம்."

அந்தச் சிரிப்பு எங்கே போவதென்று தெரியாமல் மகன் முகத்திலேயே நின்றது. அப்பாவின் கை கட்டில் கம்பியை இறுகப் பிடித்தது.

மூன்றரைக்குத் தெரபிஸ்ட் மட்டும் திரும்பி வந்தாள். மனசு கேட்கவில்லை போலும். "பெரிய டாக்டர்கிட்ட கேட்டுட்டேன். கடைசியா ஒரு தடவை சாதா டீ. நீங்களே குடுங்க சார், நான் பாக்கறேன்."

அந்த நேரம் பார்த்து, அப்பாவின் அலுவலகத்தில் பியூனாக இருந்தவர், துணிப்பையும் ஃபிளாஸ்க்குமாக வாசலில் வந்து நின்றார். அவருக்கே எழுபதுக்குமேல் இருக்கும். யாரும் அவரைக் கவனிக்கவில்லை.

மகன் ஒரு வாய் கொடுத்தார். தொண்டை ஏறி இறங்கியது. தெரபிஸ்ட் முகம் மலர்ந்தாள். அப்பா மகனைப் பார்த்தார்.

மூன்று இருமல்.

"பாத்தீங்களா மேடம்?" மகன் நோட்டை எடுத்துக்கொண்டு வாசலுக்குத் திரும்பினார். வழியை பியூன் மறித்துக்கொண்டிருந்தார்.

"நகருங்க. அவர் இருமினது கேக்கலையா?"

"இருபத்தெட்டு வருஷம் கேட்டிருக்கேன் தம்பி" என்று பியூன் முக்காலியை இழுத்துக் கட்டிலருகே போட்டார். "வாயைத் தொறந்து கூப்பிட ஐயாவுக்குக் கூச்சம், மூணு தடவை இருமினா, 'டீ ஆறுறதுக்குள்ள நீயும் வந்து பக்கத்துல உக்காரு'ன்னு அர்த்தம்."