கால்பந்துக்கு மாறுதலான இளஞ்செழியன்

ஓர் அரசு ஊழியரை ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்கு மாற்றலாம். ஒரு பிரிவிலிருந்து இன்னொரு பிரிவுக்கு மாற்றலாம். இதெல்லாம் நாடறிந்த நடைமுறை. ஒரு விளையாட்டிலிருந்து இன்னொரு விளையாட்டுக்கும் மாற்றலாம் என்று கண்டுபிடித்த பெருமை, தஞ்சாவூரில் ஒரு மாடியில் இயங்கிவரும் ஆடுகளத் திறன் பெருக்கப் பிரிவு என்னும் அலுவலகத்தையே சேரும். அப்படி முதன்முதலாக மாறுதல் ஆனவன் வலங்கைமான் இளஞ்செழியன்.

இளஞ்செழியன் ஆறடி ஆறங்குலம். டவுன் பஸ்ஸில் ஏறினால் கழுத்தை ஒரு பக்கமாகச் சாய்த்து, பக்கத்தில் நிற்பவர் சொல்லும் ரகசியத்தைக் கேட்பவன் போலவே ஊர் வரைக்கும் போவான். கூடைப்பந்தில் அவன் பெரிய நட்சத்திரம். மாநிலக் கோப்பையை வாங்கித் தந்த கேப்டன். விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை கிடைத்து, மேற்படி அலுவலகத்திலேயே தபால் பிரித்துக்கொண்டிருந்தான்.

நடந்ததற்கு அவன் யாரையும் குற்றம் சொன்னதில்லை. வாய் அவனுடையதுதான்.

கோப்பையோடு வந்து இறங்கிய அன்று உள்ளூர் டிவி ஒன்றில் பேட்டி எடுத்தார்கள். கேள்வி கேட்ட பெண்ணுக்குக் கூடைப்பந்தைப் பற்றிக் கேட்க ஒன்றும் கிடைக்கவில்லை போலிருக்கிறது.

"சார், உங்களால ஃபுட்பால்ல சாதிக்க முடியுமா?" என்று கேட்டு வைத்தாள்.

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். சிரித்துவிட்டு நகர்ந்திருக்கலாம். ஆனால் கையில் கோப்பை இருக்கும்போது மனிதனுக்குத் தெரியாத விஷயம் ஏது?

"ஃபுட்பாலா? நாங்க பந்து போடுற வளையத்தப் பாத்திருக்கீங்களா? நெல்லு அளக்கிற மரக்கா அளவுதான் இருக்கும். அங்க கோல்போஸ்ட் மாட்டு வண்டி நுழையற மாதிரி இருக்கு. அதுல போடாம இருக்கிறதுதான் கஷ்டம். மூணு மாசம் குடுங்க, புரொஃபஷனல் டீம்ல ஆடிக் காட்டறேன்."

வீட்டில் உட்கார்ந்து இதைப் பார்த்த அவன் மனைவி மேகலா டிவியின் சத்தத்தைக் குறைத்தாள். அவள் விவசாயக் குடும்பத்துப் பெண். நெல் அறுவடைக்கு மிஷின் பிடிப்பதிலிருந்து கொள்முதல் நிலையத்தில் சண்டை போடுவது வரை அவள்தான்.

"எங்க அப்பா வயல்ல வரப்புமேல நடக்கத் தெரியாம நாத்தங்கால்ல விழுந்தவரு நீங்க. காலால வெளயாடப் போறீங்களா?"

"அது வரப்போட தப்பு. என் பாதத்துக்கு அது பத்தல."

"கோல்போஸ்டாவது பத்துதான்னு பாப்போம்" என்றாள் மேகலா.

பேட்டி ஊரெல்லாம் சுற்றியது. டீக்கடைகளில் இரண்டு கட்சி உண்டானது. முடியும் என்றவர்களும் பந்தைத் தொட்டதில்லை, முடியாது என்றவர்களும் தொட்டதில்லை. ஆகவே விவாதம் தரமாக நடந்தது.

அந்தச் சமயம் பார்த்து அலுவலகத்துக்குப் புதிதாக வந்திருந்தார் சிறப்பு அலுவலர் பரணிதரன். ஏதோ ஒரு வெளிநாட்டில் ஒரு வாரப் பயிற்சி முடித்துவிட்டு, கழுத்தில் அந்த ஊர் அடையாள அட்டையைக் கழற்றாமலே வந்தவர். "கிராஸ் ஓவர்" என்ற சொல் இல்லாமல் அவருக்கு வாக்கியம் முடியாது. இளஞ்செழியனைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். நாற்காலியில் அவன் முழங்கால்கள் மேஜைக்கு மேலே வந்து நின்றன.

"உலகம் பூரா இப்ப கிராஸ் ஓவர்தான். திறமைங்கறது பொது. அத ஒரு எடத்துலயே வச்சிருக்கக் கூடாது, தேங்கிடும்."

"சார், நான் டிவில சும்மா ஒரு பேச்சுக்குத்தான்..."

"பாருங்க, வேளாண்மையில இருந்த ஒருத்தர மீன்வளத்துக்கு மாத்துனோம். அவரு மீன் வளக்கலையா?"

"வளத்தாரா சார்?"

"அதுக்குள்ள கைத்தறிக்கு மாறுதலாகிப் போயிட்டாரு."

பக்கத்து நாற்காலியில் பட்டுக்கோட்டைக் கொப்பரை வியாபாரி ரெங்கசாமி உட்கார்ந்திருந்தார். வெண்ணாறு யுனைடெட் என்று ஒரு தொழில்முறைக் கால்பந்து அணியைப் புதிதாக வாங்கியிருப்பவர். ஆற்றின் பெயருக்குப் பக்கத்தில் யுனைடெட் என்று போட்டால்தான் அணி ஜெயிக்கும் என்று அவருக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். அவர் இளஞ்செழியனை அடியிலிருந்து நுனி வரை பார்த்தார்.

"எங்களுக்குத் தெரியும் தம்பி ஒசரத்தோட அருமை. காய்க்கிறதெல்லாம் மேலதான் காய்க்கும்."

மறுநாள் ஆணை வந்தது. 'மேற்படி ஊழியரின் உயரம், பொதுநலன் கருதி, கால்பந்துக்கு அயல்பணியில் அனுப்பப்படுகிறது. உயரத்துடன் ஊழியரும் செல்லக் கடமைப்பட்டவர் ஆவார்.' தபால் பிரிக்கிறவன் ஆதலால், அந்த உறையைப் பிரித்ததும் இளஞ்செழியனேதான்.

உள்ளுக்குள் பயமாக இருந்தது. ஆனால் பயத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகப் பெருமையாகவும் இருந்தது. அதை அவன் மறுக்கமாட்டான்.

வெண்ணாறு யுனைடெட்டின் பயிற்சியாளர் மூஸா, நாகூர்ப் பக்கத்துக்காரர். முப்பது வருஷமாக இந்த ஆட்டத்தில் இருப்பவர். முதல் நாள் இளஞ்செழியனை எதிரணி கோலுக்கு முன்னால் நிறுத்தி, உயரமாக ஒரு பந்தை அனுப்பினார். உயரமானவன், தலையால் முட்டினால் கோல். திட்டத்தில் குறை ஒன்றுமில்லை.

பந்து வந்தது. இளஞ்செழியன் அழகாக எழும்பினான். மற்றவர்கள் தலைகளெல்லாம் அவன் இடுப்பளவில் நிற்க, அந்தரத்தில் இரண்டு கைகளாலும் பந்தைப் பிடித்துக்கொண்டு இறங்கினான்.

"தம்பி, கை."

"மன்னிச்சுக்குங்க பாய். பழக்கம்."

மறுபடி அனுப்பினார். மறுபடியும் பிடித்தான். சாயங்காலம் வரை ஒரு பந்தைக்கூட அவன் கீழே விடவில்லை. கூடைப்பந்தில் இருபது வருஷமாக, தலையை நோக்கிப் பந்து வந்தால் கை தானாக எழும். அந்தக் கைக்கு அரசாணை தெரியவில்லை.

விஷயம் மேலே போனது. பரணிதரன் யோசித்து, கால்பந்தில் கைக்கு அனுமதி உள்ள ஒரே பதவி கோல்கீப்பர்தான் என்று குறிப்பு எழுதினார். ஆக, கோல்கீப்பர்.

"மேல வந்தா என்ன செய்வீங்க?" என்று கேட்டார் மூஸா.

"பிடிப்பேன் பாய்."

"கீழ வந்தா?"

"குனிஞ்சு பிடிப்பேன்."

"குனிங்க பாப்போம்."

அவன் குனிய ஆரம்பித்தபோது உருட்டிய பந்து, அவன் குனிந்து முடித்தபோது வலைக்குள் கிடந்தது.

மூஸா பெருமூச்சு விட்டார். "உங்க முதுகு வலங்கைமான்லேர்ந்து பொறப்பட்டு இங்க வந்து சேர்றதுக்குள்ள கோலாயிடுது தம்பி. நீங்க நல்ல ஆட்டக்காரரு. அது எனக்குத் தெரியுது. ஆனா இது உங்க ஆட்டம் இல்ல."

இதை அவர் எழுத்துபூர்வமாகவும் கொடுத்தார். எழுத்து கிடைத்தது என்று எழுத்துபூர்வமாகப் பதில் வந்தது.

முதல் போட்டியில் ஆறு கோல் வாங்கினான். ஆறும் தரையோடு வந்தவை; ஒன்று அவன் கால்களுக்கு நடுவில் நிதானமாகப் போனது. பார்க்க வந்த கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. வலைக்குள் போய்ப் பந்தை எடுக்க ஒவ்வொரு முறை திரும்பும்போதும் அந்தச் சிரிப்பு முதுகில் வந்து விழுந்தது. வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்துக்கொண்டான். மேகலா சோற்றை மூடி வைத்துவிட்டு விளக்கை அணைத்தாள்.

இரண்டாவது போட்டிக்குக் கூட்டம் இரண்டு மடங்கானது. அதற்கடுத்ததற்கு மன்னார்குடியிலிருந்து லோடு வேன்களில் வந்தார்கள். திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம் முடித்துத் திரும்பிய ஒரு தம்பதி, கழுத்து மாலையோடும் உறவினர் கூட்டத்தோடும் வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார்கள். அவன் வாங்கிய நாலாவது கோலுக்கு அந்தப் பெரியவர் எழுந்து நின்று கை தட்டினார். "செழியா! செழியா!" என்று மைதானம் அதிர்ந்தது.

இங்கேதான் ஒரு கோளாறு நேர்ந்தது. மாநிலக் கோப்பையை ஜெயித்தபோது அவன் பெயரை யாரும் இப்படிக் கூப்பிட்டதில்லை. தோற்றுக்கொண்டிருக்கிறோம் என்பது அவன் புத்திக்குத் தெரிந்தது. காதுக்குத் தெரியவில்லை.

கடைசிப் போட்டி கும்பகோணத்து அணியோடு. அதில் ஜெயித்தால் டிவிஷனில் நிற்கலாம். தோற்றால் கீழே இறங்க வேண்டும். மூஸா மற்றப் பத்துப் பேரையும் கோலுக்கு முன்னால் சுவராக நிறுத்தி, கோல் இல்லாமல் கடைசி நிமிடம் வரை இழுத்துவிட்டார். எதிரணிக்கு ஒரு பெனால்டி கிடைத்தது. தரையோடு உருட்டினால் போதும் என்று ஊருக்கே தெரியும். ஆனால் உதைத்தவன் இளைஞன். வீடியோவில் அழகாக விழவேண்டும் என்று ஆசைப்பட்டு, மேல் மூலைக்கு உதைத்தான்.

அந்த மூலை இளஞ்செழியனின் வீடு. ஒரே கையால் பந்தைக் கொய்யாப்பழம் போலப் பறித்தான்.

மைதானம் வெடித்தது. அந்தச் சத்தத்தில் இருபது வருஷப் பழக்கம் விழித்துக்கொண்டது. பந்தைத் தரையில் ஒரு தட்டுத் தட்டினான். கோட்டைத் தாண்டி வெளியே வந்து இன்னொரு தட்டு. பிறகு ஓடினான். இடது பக்கம் ஒருவனை ஏமாற்றி, வலது பக்கம் ஒருவனைச் சுற்றி, கையால் பந்தைத் தட்டிக்கொண்டே மைதானத்தின் முழு நீளத்தையும் கடந்தான். நடுவர் ஊதிய விசில் அவருக்கே கேட்கவில்லை. எதிரணி கோல்கீப்பர் என்ன செய்வதென்று தெரியாமல் ஒதுங்கி நின்று வழி விட்டான். இளஞ்செழியன் எழும்பி, பந்தை மேலிருந்து வலைக்குள் அறைந்துவிட்டு, குறுக்குக் கம்பியைப் பிடித்துத் தொங்கினான்.

வாழ்க்கையிலேயே அவன் ஆடிய மிகச் சிறந்த ஆட்டம் அது. விளையாட்டுதான் வேறு.

கையால் ஆடியதற்கு ஒரு மஞ்சள் அட்டை. கம்பியில் தொங்கியதற்கு இன்னொன்று. இரண்டும் சேர்ந்து சிவப்பானது. அவன் வெளியே போனதும் கும்பகோணத்துக்காரர்கள் ஒரு கோல் போட்டுவிட்டுக் கிளம்பினார்கள்.

ஆய்வுக் கூட்டத்தில் பரணிதரன் பெரிய திரையில் படம் போட்டார். பார்வையாளர் எண்ணிக்கை என்ற கோடு தென்னை போல நிமிர்ந்து நின்றது.

"முழு வெற்றி" என்றார். "கூடைப்பந்து வீரர் கால்பந்தில் சாதிக்க முடியுமா என்ற கேள்விக்கு நம் பிரிவு விடை கண்டுவிட்டது."

மூஸா எழுந்தார். "சார், அணி கீழ் டிவிஷனுக்கு எறங்கிடுச்சு."

"எறங்கிடுச்சுன்னு சொல்லாதீங்க. கால்பந்த அடித்தட்டு வரைக்கும் கொண்டு போறோம்."

கொப்பரை ரெங்கசாமிதான் எல்லோருக்கும் முதலில் கை தட்டினார். அவருக்கு டிக்கெட் விற்றிருந்தது.

அயல்பணி முடிந்து இளஞ்செழியன் கூடைப்பந்துக்குத் திரும்பினான். முதல் ஆட்டத்திலேயே பாதிப் புள்ளிகளை அவனே எடுத்தான். அவன் போட்ட ஒரு பந்துகூட வளையத்துக்குள் விழாமல் போகவில்லை. வியர்வையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தான். பார்வையாளர் வரிசையில் மேகலா ஒருத்திதான் உட்கார்ந்திருந்தாள்; அவளும் போனில் யாரிடமோ உர மூட்டைக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள்.

வெளியே டீக்கடையில் முருகையன் நின்றார். வெண்ணாறு யுனைடெட்டின் ஒரு போட்டியையும் தவற விடாதவர்.

"ஏண்ணே, உள்ள வரலியா?"

"நீங்க ஜெயிச்சிருப்பீங்களே" என்றார் முருகையன்.

"ஆமா. ஜெயிச்சுட்டோம்."

"அதான். தெரிஞ்ச விஷயத்தப் பாக்கறதுக்கு யாரு உள்ள வருவா? தோக்கறதா இருந்தா ஒரு போன் போடுங்க தம்பி, குடும்பத்தோட வர்றோம்."

அன்றைக்கு வீடு திரும்பும்போது மேகலா சொன்னாள்: "போதும். இனிமே எவன் எதக் கேட்டாலும் முடியாதுன்னு சொல்லிப் பழகுங்க." சரி என்று மனப்பூர்வமாகத் தலையாட்டினான். அந்த ஒரு சொல்லை ஞாயிற்றுக்கிழமை முழுக்கச் சொல்லிப் பார்த்துக்கொண்டான்.

திங்கட்கிழமை காலை பரணிதரன் கூப்பிட்டனுப்பினார்.

"உங்களுக்கு நீச்சல் தெரியுமா?"

"தெரியாது சார்."

"நல்லதாப் போச்சு. தெரிஞ்சவங்களப் போட்டா அது சாதாரண நீச்சல் போட்டி ஆயிடும். அடுத்த மாசம் காவிரியில நடத்துறோம்."

"சார், ஆத்துல இன்னும் தண்ணியே வரலையே."

"அது வேற துறை."

முடியாது என்று சொல்ல வாயைத் திறந்தான் இளஞ்செழியன். சொல் நாக்கு நுனி வரைக்கும் வந்தும்விட்டது. ஆனால் வெளியே விழுந்தது வேறு.

"எவ்வளவு கூட்டம் வரும் சார்?"