நம்மாளுக்கு விருது

சிறந்த நடிகர் விருது நம்மாளுக்குத்தான் என்று தெரிந்ததும் லிஃப்ட் மெக்கானிக் செய்த முதல் காரியம், டிவியின் வயரைப் பிடுங்கியது.

“என்னங்க இது? நல்ல சேதிதானே? போய் மாமாகிட்ட சொல்லுங்க” என்றாள் மனைவி.

“மெதுவாப் பேசு. அப்பா காதுல விழுந்தா அதோட கதை முடிஞ்சுது.”

அடுத்த அறையில் படுத்திருந்த அப்பா, வேலை பார்த்த காலமெல்லாம் கால்பந்து ரெஃப்ரியாக விசில் ஊதியவர். அம்மா காலமான வருஷமே அவருடைய இதயமும் மக்கர் செய்தது. “சொந்தக்காரங்களுக்குச் சொல்லிடுங்க” என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். சொந்தக்காரர்கள் வந்து, அழுவதற்குத் தயாராகக் கட்டிலைச் சுற்றி நின்றார்கள். அந்த நேரம் பார்த்து டிவியில் சினிமா விருது அறிவிப்பு. அப்பா கண்ணைத் திறந்தார்.

“நம்மாளு கையில சிறந்த நடிகர் விருதைப் பார்க்காம நான் போக மாட்டேன்” என்றார்.

சொன்னபடி அவர் போகவில்லை. வந்தவர்கள்தான் போனார்கள்.

அப்பா நம்மாளு என்று சொன்ன நடிகருக்கு ஊரார் வைத்த பெயர் மரக்கட்டை. கதாநாயகி செத்தாலும் சரி, கழுத்தில் மாலை போட்டாலும் சரி, அந்த மனிதருக்கு ஒரே முகம். வருஷா வருஷம் விருது வேறு யாருக்காவது போகும். அப்பா கழுத்தில் தொங்கும் விசிலை ஊதி “ஃபவுல்!” என்பார். மறுநாள் டாக்டர் வந்து நாடி பிடித்துப் பார்த்துவிட்டு, “இவரை ஓட்டறது என் மாத்திரை இல்லீங்க, அந்த மரக்கட்டைதான்” என்பார்.

இந்த வருஷம் எந்தப் பாவியோ ஒரு டைரக்டர், மரக்கட்டையைப் படம் முழுக்கக் கோமாவில் படுக்க வைத்துவிட்டான். ஆள் அசையவே இல்லை. தேர்வுக் குழு அசந்துபோய்விட்டது.

அறையிலிருந்து விசில் கேட்டது.

“டேய், டிவி ஏன் நின்னுடுச்சு?”

“கேபிள்ல ஏதோ கோளாறுப்பா.”

“ஊர்ல இருக்கிற லிஃப்டையெல்லாம் ரிப்பேர் பண்றே, வீட்டு டிவியைப் பார்க்கத் தெரியலையா? சரி, விருது லிஸ்டை ஃபோன்ல பார்த்துப் படி.”

அன்று ஞாயிற்றுக்கிழமை, அப்பாவைப் பார்த்துக்கொள்ளும் நர்ஸுக்கு விடுமுறை. துணைக்கு ஆளில்லாமல் மெக்கானிக் கட்டில் ஓரத்தில் போய் உட்கார்ந்தான்.

அப்பாவுக்கு இதில் ஒரு முறை உண்டு. முதலில் அவருடைய விருதை அவர் சொல்லிவிடுவார். அப்புறம்தான் குழுவின் விருதைக் கேட்பார். இரண்டும் ஒன்றானால் கோல், இல்லாவிட்டால் விசில்.

“எடிட்டிங். என்னோடது அந்தக் கப்பல் படம்.”

“குத்துச்சண்டைப் படத்துக்குக் கொடுத்திருக்காங்கப்பா.”

விசில். “அடி விழறதுக்கு முன்னாடியே அடுத்த ஷாட்டுக்கு ஓடிடறான். வலி எப்படிடா தெரியும்? ஃபவுல். அடுத்தது துணை நடிகை. என்னோடது டீச்சரா வந்த பொண்ணு.”

“அவங்களுக்கேதான்.”

“கோல்! சாவு வீட்ல எல்லாரும் அழறாங்க, அவ மட்டும் செருப்பைக் காணோம்னு தேடினா பாரு. அந்தத் தேடலுக்கே கொடுக்கணும்.”

மெக்கானிக்குக் கொஞ்சம் பெருமையாகவே இருந்தது. கூடவே பழைய சந்தேகமும் வந்தது. இவ்வளவு நுணுக்கமாகப் பார்க்கிற மனிதர் அந்த மரக்கட்டையிடம் என்னத்தைக் கண்டார்?

“சிறந்த நடிகர்” என்றார் அப்பா. “என்னோடது உனக்கே தெரியும். அவங்களோடது யாரு?”

அவருடைய கை போர்வையை இறுக்கிப் பிடித்திருந்தது.

“வக்கீலா நடிச்சாரே, அவருக்குப்பா.”

விசில் சத்தத்தில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. “ஃபவுல்! அயோக்கியப் பசங்க!” அப்பாவின் முகத்தில் ரத்தம் ஏறியது. ஒரு வாரமாகப் பாலைத் தவிர எதையும் தொடாதவர், “பசிக்குதுடா” என்று ரொட்டி கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். கோபத்துக்கு இப்படி ஒரு சக்தியா என்று மெக்கானிக் அதிசயப்பட்டான்.

அந்த நிம்மதி அழைப்பு மணி அடிக்கும்வரைதான். எதிர் வீட்டுக்காரர் கேக்கோடு நின்றார்.

“ரெஃப்ரி சாரோட ஆளு ஜெயிச்சுட்டா...”

மெக்கானிக் கேக்கில் ஒரு துண்டை எடுத்து அவர் வாயிலேயே திணித்து, அவரை லிஃப்டுக்குள் தள்ளிப் பொத்தானை அழுத்தினான். கேக் பெட்டி மெக்கானிக் கையிலேயே தங்கிவிட்டது; அதோடே அப்பாவின் அறைக்குத் திரும்பினான்.

“யாருடா ஜெயிச்சது?”

“அந்த வக்கீலைத்தான்பா சொன்னாரு. அவருக்கும் வருத்தமாம்.”

“வருத்தத்துக்கு எதுக்குடா கேக்?”

மெக்கானிக் பெட்டியை முதுகுக்குப் பின்னால் ஒளித்தான்.

“நீ எதையோ மறைக்கிறே. தேர்வுக் குழுவுக்கு ஃபோனைப் போடு. நானே கேட்டுக்கறேன்.”

மெக்கானிக் சமையலறைக்குள் ஓடி, தன்னோடு வேலை பார்க்கும் வெல்டரை ஃபோனில் பிடித்தான். “இப்போ நீதான் தேர்வுக் குழுத் தலைவர். மரக்கட்டைக்குக் கிடைக்கலைன்னு சொல்லு. அதுக்கு மேல ஒரு வார்த்தை பேசாதே.”

வெல்டர் நல்லவன். நல்லவர்களுக்கு ஒரு வார்த்தையோடு நிறுத்தத் தெரியாது.

“ஐயா, உங்க நடிகருக்குக் கிடைக்கலைங்க” என்று ஸ்பீக்கரில் ஆரம்பித்தான். “ஆனா மனசைத் தளர விடாதீங்க. ஒரே ஒரு ஓட்டுலதான் தவறிப்போச்சு. அடுத்த வருஷம் அவருக்குத்தான்னு இப்பவே முடிவு பண்ணிட்டோம்.”

அப்பாவின் முகம் வெளுத்துப்போனது.

“ஒரு ஓட்டா? அவ்வளவு கிட்டவா வந்துட்டான்?”

“ஆமாங்கய்யா! கவலையே படாதீங்க, அடுத்த வருஷம் நிச்சயம்!”

மெக்கானிக் ஃபோனைப் பிடுங்கி அணைத்தான். அப்பாவுக்கு மூச்சு இழுத்தது. நெற்றி வியர்த்தது. “நிச்சயம்னா சொன்னாரு?” என்று திரும்பத் திரும்பக் கேட்டார்.

டாக்டர் வந்து பார்த்துவிட்டு வெளியே அழைத்துப் பேசினார். “மனசுல ஏதோ கிடந்து அரிக்குது. இந்தப் படபடப்பு அடங்கலைன்னா தாங்க மாட்டாரு. அவர் ஆசைப்பட்டது எதுவோ, அதைக் கொடுத்துடுங்க.”

“கேட்டீங்களா?” என்றாள் மனைவி. அவள் கண் கலங்கியிருந்தது. “சொன்னா சந்தோஷமாப் போவாரு. சொல்லலைன்னா ஏங்கி ஏங்கிப் போவாரு. அவரை இப்படி ஏங்க விடறது பாவங்க.”

மெக்கானிக் டிவியை அப்பாவின் கட்டிலுக்கு முன்னால் தூக்கி வந்து வைத்து, வயரைத் திரும்பச் செருகினான். திரையில் மரக்கட்டை விருதோடு நின்றார், அதே முகத்தோடு.

“பொய் சொல்லிட்டேன்பா” என்று அழுதான். “நீங்க எங்களை விட்டுப் போயிடுவீங்களோன்னு பயந்து மறைச்சேன். நம்மாளுக்குத்தான் விருது.”

அப்பா திரையையே பார்த்தார்.

“எந்தப் படத்துக்கு?”

“கோமா படத்துக்கு.”

“படுத்துக்கிட்டே வாங்கிட்டானா?”

“ஆமாப்பா. சந்தோஷமாப்பா?”

அப்பா கழுத்திலிருந்த விசிலைக் கழற்றி மகன் கையில் வைத்தார்.

“ஊதலையாப்பா?”

“ரெஃப்ரி சொன்ன சொல்லை மாத்தக் கூடாதுடா” என்றார். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

விடிந்தபோது அவர் இல்லை.

சொந்தக்காரர்கள் மறுபடியும் வந்தார்கள், இந்தத் தடவை வீணாக அல்ல. மெக்கானிக் ஒவ்வொருவரிடமும் அதே கதையைச் சொல்லி அழுதான். ஆசைப்பட்டதைப் பார்த்துவிட்டுத்தான் போனார் என்றான். “கொடுத்து வெச்ச மனுஷன்” என்றார்கள் அவர்கள். சொல்லச் சொல்ல அவனுக்கு நெஞ்சுக் கனம் கொஞ்சம் இறங்கியது. அப்பாவுக்குக் கடைசியாக ஒரு நல்லது செய்துவிட்டோம் என்று நம்பத் தொடங்கியிருந்தான்.

விடுமுறை முடிந்து நர்ஸ் வந்தாள். வாசலிலேயே விஷயம் தெரிந்து, அப்பாவின் காலடியில் நின்று கொஞ்ச நேரம் அழுதாள். மெக்கானிக் அவளிடமும் சொன்னான்.

“ரொம்ப நாள் பார்த்துக்கிட்டீங்கம்மா. நீங்களும் மனசைத் தேத்திக்குங்க. அவருக்குப் பிடிச்ச நடிகர் ஜெயிச்சதைக் கண்ணால பார்த்துட்டுத்தான் போனாரு.”

நர்ஸ் புரியாமல் நிமிர்ந்தாள்.

“யாரு, அந்த வக்கீலா நடிச்சவரா?”

“இல்லம்மா, நம்மாளு. மரக்கட்டை.”

“ஐயோ, அந்த ஆளு திரையில வந்தாலே சேனலை மாத்தச் சொல்லுவாரே சார்! ‘இவனுக்கு இந்த ஜென்மத்துல விருது கிடைக்காதும்மா, எனக்கும் இப்போதைக்குப் போக மனசில்லை, அதான் இவன் பேரைச் சொல்லி வெச்சேன்’னு சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரே!”