எலுமிச்சை இலைகளைத் துடைத்த விவரம்

பெருமதிப்பிற்குரிய அத்தான் அவர்களுக்கு,

உங்கள் வீட்டில், உங்கள் நாற்காலியில் உட்கார்ந்து, உங்கள் பேனாவாலேயே மைத்துனன் எழுதிக்கொள்வது. நான் நலம். ஆபரேஷனுக்குப் பிறகு அக்காவின் முழங்கால் மடங்க ஆரம்பித்துவிட்டதாகக் கேட்டு மகிழ்ச்சி. இந்தக் கடிதத்தை அக்கா பக்கத்தில் இல்லாதபோது படிக்கவும். படித்துக்கொண்டிருக்கும்போது வந்துவிட்டால் மின்சாரக் கட்டணம் என்று சொல்லிவிடவும்.

ஆற்றில் வெள்ளம் வடிந்துவிட்டது, நாரைகள் வந்துவிட்டன என்று போன வாரம் போனில் அளந்தேன் அல்லவா, அதில் ஒரு நாரை, எதிர்க்கரையில் யாரோ உலர்த்திய சட்டை. அது போகட்டும். தோட்டத்தை என்னிடம் ஒப்படைக்கும்போதே நீங்கள் "இவனா?" என்று கேட்டீர்கள், அக்காதான் "என் தம்பி பொறுப்பானவன்" என்றாள். அந்தப் பொறுப்புதான் அத்தான் என்னைக் கெடுத்தது. எலுமிச்சை மரத்து இலையெல்லாம் காக்கா எச்சம். கருப்பும் வெள்ளையுமா, ஈரமா, பார்க்கவே சகிக்கலை. அக்கா வந்து பார்த்தா என்ன நினைப்பான்னு நாலு நாள் முன்னாடி ஒரு பழைய துணியை எடுத்து, ஏணி போட்டு, குழந்தை முகத்தைத் துடைக்கிற மாதிரி ஒவ்வொரு இலையா வழித்தெடுத்தேன். துணியைப் பக்கத்து வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கமா உதறினேன். கீழே இறங்கி நின்னு மரத்தைப் பார்த்து, நானே என் தோளைத் தட்டிக்கிட்டேன்.

இன்னைக்குக் காலையில அக்கா போன். "பிள்ளைங்க நல்லா சாப்பிடுதுங்களா?" என்றாள். தினமும் கேட்பாள், செடிகளைச் சொல்கிறாள் என்று நானும் தினமும் "ஜோரா சாப்பிடுது" என்பேன். இன்னைக்குத்தான் விளக்கினாள். "இப்போ எச்சம் மாதிரிதான்டா இருக்கும் அந்தப் புழு. பறவை கொத்தாம இருக்கப் போடுற வேஷம். அப்புறம் பச்சையாகும். நான் வந்து மரத்தடியில நாற்காலி போட்டு உட்காரும்போது பட்டாம்பூச்சியாப் பறக்கணும். அதை நினைச்சுத்தான் இந்த வலியைப் பொறுத்துக்கறேன்."

பறவை ஏமாந்ததோ இல்லையோ, நான் ஏமாந்துவிட்டேன். அதுகூடப் பரவாயில்லை. "ஆமாக்கா, ஒண்ணு பச்சையாக ஆரம்பிச்சிடுச்சு" என்று இந்த வாய் சொன்னது பாருங்கள், அதை நினைத்தால் ஷேவ் பண்ணக்கூடக் கண்ணாடி முன்னால் நிற்க முடியவில்லை. வலியோடு படுத்திருப்பவளிடம் இல்லாத புழுவை வளர்த்துக்கொண்டிருக்கிறேன். என்னால் சொல்ல முடியாது. நீங்களே பக்குவமாக, அவள் மாத்திரை போட்டுத் தூக்கம் வருகிற நேரமாகப் பார்த்து, சொல்லிவிடுங்கள். தாங்கள் இருவரும் நலமாக வீடு திரும்ப வேண்டும். நான் அதற்கு முன்பே கிளம்பிவிட வேண்டும்.

தலைகுனிந்த வணக்கத்துடன்,
உங்கள் மைத்துனன்

பின்குறிப்பு: மேலே எழுதியது எல்லாம் ரத்து. உறையை ஒட்டும் நேரத்தில் பக்கத்து வீட்டுத் தையற்காரம்மா சுவருக்கு மேல் தலையை நீட்டி, "சார், எங்க ஆரஞ்சுச் செடியில எச்சம் நடக்குது" என்றார். விழுந்தடித்து ஓடினேன். உயிரோடு இருக்குதுங்க அத்தான், பாதிச் செடியைத் தின்று தீர்த்துவிட்டு. ஒன்று நிஜமாகவே பச்சை. எல்லாவற்றையும் இலையோடு நம் மரத்துக்குக் கொண்டுவந்துவிட்டேன். அக்காவிடம் ஒரு வார்த்தை வேண்டாம். தையற்காரம்மாவும் சொல்ல மாட்டார். பதிலுக்கு அவர் வீட்டு ஜன்னல்களை நான் துடைக்க வேண்டுமாம். "அந்தக் கை சும்மா இருக்காதுன்னு தெரியும் சார்" என்கிறார்.