ஐம்பது சீசீயில் ஒரு வழியனுப்பு

வேகத்தைப் பற்றி அதிகம் கதைப்பவன் எந்த இடத்துக்கும் நேரத்துக்குப் போய்ச் சேரமாட்டான். இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. கொட்டாஞ்சேனையிலிருந்து கொள்ளுப்பிட்டி வரை ஒரு மோட்டார் சைக்கிளை உருட்டிக்கொண்டு போய் நானாகவே கற்றுக்கொண்டேன்.

யுத்தம் நடந்த காலம். அண்ணாவும் நானும் கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு வீட்டின் பின்பக்க அறையில் இருந்தோம். அம்மாவும் அப்பாவும் யாழ்ப்பாணத்தில், பாதை பூட்டியிருந்தது. அண்ணா வெளிநாடு போகக் காத்திருந்தான். 'ரெடியா இருங்கோ' என்று ஏஜென்சிக்காரன் சொல்லி மாதக்கணக்காகிவிட்டது. (அந்தக் காலத்து வெள்ளவத்தையில் பாதிப் பேர் ரெடியாக இருந்தார்கள். மீதிப் பேர் எப்போதோ போய்ச் சேர்ந்து, 'இங்கே சரியான குளிர்' என்று கடிதம் போட்டுக்கொண்டிருந்தார்கள்.) அழைப்பு வந்தால் உடனே பெட்டியோடு வாசலில் நிற்க வேண்டும் என்பது ஏஜென்சிக்காரனின் சட்டம். எனக்கு வேலையோ கொட்டாஞ்சேனையில், ஒரு இரும்புக்கடையில் பில் எழுதுவது.

"நீ வந்து சேர முதல் நான் போயிடுவனடா" என்று அண்ணா ஒருநாள் சோறு பிசைந்தபடி சொன்னான். பகிடியாகத்தான் சொன்னான். எனக்கு அதற்குப் பிறகு சோறு இறங்கவில்லை. அந்தக் கொழும்பில் எனக்கு அப்பா, அம்மா, காலையில் எழுப்பிவிடும் மணிக்கூடு எல்லாமே அவன்தான். அவன் போகும்போது நான் பக்கத்தில் நிற்க வேண்டும். அதைவிடப் பெரிய ஆசை எதுவும் எனக்கு அப்போது இருக்கவில்லை.

அண்ணாவிடம் ஒரு ஐம்பது சீசீ ஜப்பான் மோட்டார் சைக்கிள் இருந்தது. போகிறவனுக்கு எதற்கென்று அதை என்னிடமே தந்துவிட்டான். சாதுவான சாமான். சின்ன மேட்டிலும் மூச்சு வாங்கும்; பாண் விற்கிற சைக்கிள்காரன் மணியடித்துக்கொண்டு முந்திப் போவான். ஆனால் மழையிலும் வெயிலிலும் ஒரே உதையில் ஸ்டார்ட் வரும். அந்த அருமை எனக்குத் தெரியவில்லை. இந்த ஆமையை நம்பியிருந்தால் அண்ணாவை ஜென்மத்துக்கும் வழியனுப்ப முடியாது என்று முடிவு கட்டி, கொட்டாஞ்சேனையில் கராஜ் வைத்திருந்த நசீர் நானாவிடம் போனேன்.

நசீர் நானாவுக்கு ரேஸ் பைத்தியம். எந்த வண்டியைக் கண்டாலும் பழுது பார்ப்பதைவிடப் பறக்க வைப்பதில்தான் அவருக்கு ஆர்வம். பைத்தியத்திடம் வைத்தியம் பார்க்க இன்னொரு பைத்தியம் போனது போல ஆயிற்று. என்ன அவசரம் என்று கேட்டார், சொன்னேன். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த இடத்திலேயே எஞ்சினைக் கழற்றத் தொடங்கிவிட்டார்.

எஞ்சினின் தலைப்பகுதியை லேத்தில் கொடுத்துச் சீவினார். உள்ளே அழுத்தம் கூடினால் உதைப்பும் கூடுமாம். தொண்ணூறு சீசீக்காரனின் கார்பரேட்டரைப் பிடுங்கி இதில் பூட்டினார். செயின் ஓடும் முன்பக்கப் பல்சக்கரத்தை மாற்றினார். சைலன்சருக்குள் சத்தத்தை அடக்குகிற குழாயை இழுத்தெடுத்து மூலையில் எறிந்தார்.

"சாமான் சின்னன்தான் தம்பி. ஆனா இப்ப உள்ளுக்கு நெருப்பு இரிக்கு" என்றார். சூட்டில் ஸ்டார்ட் வராவிட்டால் தள்ளிக்கொண்டு ஓடி, செகண்ட் கியரில் விடச் சொன்னார்.

முகத்துவாரம் பக்கம் ஒரே ஒரு தரம் ஓட்டிப் பார்த்தோம். வேகம் காட்டும் முள் கடைசிவரை போய் நடுங்கியது. நானும் நடுங்கினேன். நானா பின்னால் இருந்து பாட்டுப் பாடினார்.

அண்ணாவின் அழைப்பு அடுத்த நாளே, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, கடைத் தொலைபேசியில் வந்தது. "வெளிக்கிடப் போறன். இஞ்ச கேள்..." என்று தொடங்கினான். நான் கேட்கவில்லை. "இந்தா வாறன்" என்று ரிசீவரை வைத்துவிட்டேன். பஸ்ஸில் போகும்படி முதலாளி சொன்னார். அவரைப் பார்த்து நான் சிரித்த சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் என் கன்னத்தில் நானே ஒன்று போட வேண்டும் போலிருக்கிறது.

இந்த இடத்தில் கொழும்பின் போக்குவரத்து ஒழுங்கைச் சொல்லியாக வேண்டும். வீதிக்கு வீதி சோதனைச் சாவடி. மோட்டார் சைக்கிள்காரன் எஞ்சினை நிறுத்தி, இறங்கி, ஹெல்மெட்டைக் கழற்றி, அடையாள அட்டையை நீட்டி, வண்டியை உருட்டிக்கொண்டு கடக்க வேண்டும். மணிக்கு எவ்வளவு ஓடும் என்று கணக்குப் பார்த்த நானும் நானாவும், எத்தனை இடத்தில் நிறுத்த வேண்டும் என்று கணக்குப் பார்க்கவில்லை. தினமும் அந்த வழியால் போய்வந்த மனிதன் நான். (மூளையையும் லேத்தில் கொடுத்துச் சீவியிருந்தேன் போல.)

முதல் சாவடியில் வேகத்தைக் குறைத்ததும் சைலன்சர் 'டமார்' என்று வெடித்தது. மணல் மூட்டைக்குப் பின்னால் இருந்தவர்கள் குனிந்தார்கள். நிமிர்ந்தபோது எல்லாத் துப்பாக்கியும் என் பக்கம் திரும்பியிருந்தது. "பஹின்ன" என்றான் ஒரு சிப்பாய். இறங்கினேன். சீற்றைக் கழற்றினார்கள், பெட்ரோல் தாங்கிக்குள் எட்டிப் பார்த்தார்கள், அடையாள அட்டையில் பிறந்த இடத்தைப் பார்த்துவிட்டு எல்லாவற்றையும் மறுபடியும் பார்த்தார்கள். வேகம் கூட்டத்தான் இப்படிச் செய்தது என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் விளக்கினேன். "ஐம்பது சீசீக்கா?" என்று அந்தச் சிப்பாய் கேட்டான். யுத்தம் முடிகிற வரைக்கும் என்னை அவ்வளவு இரக்கத்தோடு வேறெந்தச் சிப்பாயும் பார்க்கவில்லை.

விட்டார்கள். உதைத்தேன். வரவில்லை. மறுபடி உதைத்தேன். எஞ்சின் திருப்பி என்னை உதைத்தது. தள்ளிக்கொண்டு ஓடினால் வரும். ஆனால் இப்போதுதான் சோதித்து அனுப்பிய தமிழன் ஒருவன் சாவடியிலிருந்து ஓடினால் பின்னால் இருப்பவர்கள் என்ன நினைப்பார்கள்? ஓடக்கூடாது. கோயில் வீதியில் தேருக்குப் பின்னால் போகிறவனைப் போல பவ்வியமாக நடந்தேன். சாவடி கண்ணுக்கு மறைந்த பிறகு ஓடினேன். ஸ்டார்ட் வந்தது. பறந்தேன். ஒரு தும்மல் போடுகிற நேரம் கொழும்பிலேயே வேகமான ஆள் நான்தான். அதற்குள் அடுத்த சாவடி தெரிந்தது. மறுபடி வெடித்துவிடுமோ என்ற பயத்தில் தூரத்திலேயே எஞ்சினை நிறுத்திவிட்டு உருட்டத் தொடங்கினேன்.

வழி முழுக்க இதே கதைதான். சேர்ட் உடம்போடு ஒட்டிவிட்டது. என்னைக் கடந்து வெள்ளவத்தை பஸ்கள் போய்க்கொண்டேயிருந்தன. ஒன்றில் ஏறலாம், ஆனால் சாவடிக்குப் பக்கத்தில் கைவிட்ட மோட்டார் சைக்கிளைக் குண்டு என்றுதான் நினைப்பார்கள். அதை விடவும் முடியாது, ஓட்டவும் முடியாது. அழுகை வந்தது. அழுதுகொண்டேதான் உருட்டினேன்.

கொள்ளுப்பிட்டியில் காலி வீதிச் சாவடிக்கு நான் உருட்டிக்கொண்டு போனபோது, வெள்ளவத்தைப் பக்கமிருந்து வந்த ஒரு வெள்ளை வானை எதிர்ப்பக்கத்தில் நிறுத்தி ஆட்களை இறக்கியிருந்தார்கள். வரிசையில் அண்ணா நின்றான். இந்த வெயிலில் ஒரு தடித்த ஜாக்கெட் போட்டிருந்தான். எங்களுக்கு நடுவே முள்ளுக்கம்பித் தடையும் இரண்டு சிப்பாய்களும். வீதியைக் கடக்க விடமாட்டார்கள். கத்திக் கூப்பிட்டால் அவனுடைய பயணமே குழம்பிவிடும். நான் வண்டியைப் பிடித்தபடி நின்றேன்.

அவன் கண்டுவிட்டான். என் கோலத்தைப் பார்த்தான், வண்டியைப் பார்த்தான். அவனுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டிருக்கும்போதே முகம் கோணிப்போனது.

"ஸ்டார்ட் வருதில்லையோடா?" என்று அங்கிருந்தே கேட்டான்.

"சூடு ஆறினா வரும்" என்றேன்.

அவ்வளவுதான் நாங்கள் கதைத்தது. 'கவனமாப் போ' என்று சொல்லியிருக்கலாம். எனக்கு எஞ்சினின் சூட்டைத் தவிர எதுவும் வாயில் வரவில்லை. சிப்பாய் கையை அசைத்தான், ஆட்கள் ஏறினார்கள், வான் போய்விட்டது. சாவடியைக் கடந்து, நடைபாதையில் குந்தியிருந்துவிட்டுச் சும்மா ஒரு உதை உதைத்தேன். ஒரே உதையில் ஸ்டார்ட் வந்தது. அந்தச் சனியனை அங்கேயே கடலில் தள்ளியிருப்பேன், அண்ணாவுடையது என்பதால் விட்டேன்.

பல மாதம் கழித்து ஜெர்மனியிலிருந்து அண்ணாவின் முதல் அழைப்பு வந்தது. "ஸ்டார்ட் வந்திட்டுதோ?" என்றுதான் தொடங்கினான். சிரித்து முடித்த பிறகு, அன்றைக்கு நான் கேட்காமல் வைத்த மிச்சத்தைச் சொன்னான்.

"மடையா, வான் ஆமர் வீதியாலதான் எயார்போட்டுக்குப் போகும், நீ கடையை விட்டு வந்து சந்தியில நில், இறங்கிக் கதைச்சிட்டுப் போறன் எண்டு சொல்லத்தான் எடுத்தனான்."

கடையிலிருந்து ஆமர் வீதிச் சந்திக்கு நடந்தே போகலாம். ஒரு பிளேன்டீ குடித்துக்கொண்டு நின்றிருக்கலாம்.

அதன் பிறகு அண்ணாவின் ஒவ்வொரு அழைப்பும் "ஸ்டார்ட் வந்திட்டுதோ?" என்றுதான் தொடங்கியது. "வந்து தள்ளிவிடு" என்பது என் வழக்கமான பதில். அம்மாவுக்கும் தொற்றி, பிறகு என் மனைவிக்கும் தொற்றியது. அவன் வந்து தள்ளவில்லை. முதலில் அவனுக்கு விசா இல்லை, பிறகு எனக்கு விசா தரவில்லை, பிறகு அவனுக்கு வருத்தம், படுத்த படுக்கை. செத்தவீட்டைக் கணினித் திரையில் பார்த்தேன். அப்போதும் ஒரு ஜாக்கெட்தான் போட்டிருந்தான்.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்து சில நாளில் தொலைபேசி அடித்தது. அண்ணாவின் மகன். அங்கேயே பிறந்து வளர்ந்தவன், தமிழ் அரைகுறை. என்னோடு தனியாகக் கதைப்பது அதுதான் முதல் தடவை.

"சித்தப்பா, ஸ்டார்ட் வந்திட்டுதோ?" என்றான்.

பகிடி இல்லை. கொழும்புச் சித்தப்பாவுக்கு வணக்கம் சொல்வது இப்படித்தான் என்று நினைத்திருக்கிறான், பாவம். நான் தொலைபேசியைக் காதிலிருந்து எடுத்துவிட்டுக் கண்ணைத் துடைத்தேன். அவன் பயந்துபோய் ஹலோ ஹலோ என்றான்.

"இல்லை மகன். வந்து தள்ளிவிடு" என்றேன்.

அவன் கொஞ்சம் யோசித்தான். பிறகு மிகவும் மரியாதையாக, "எங்க மட்டும் தள்ள வேணும், சித்தப்பா?" என்று கேட்டான்.

"வெள்ளவத்தைக்கு" என்றேன்.